ஆலயச் சுவரும் திருப்பணியும்

'திருப்பணி' என்னும் சொல் தமிழில் இரு பொருள்களில் வழங்கி வருகிறது. கோயிலைக் கட்டுவதும், பழுதுபட்ட கோயிலைப் புதுக்குவதும் திருப்பணி எனச் சைவ, வைணவ மரபினர் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். திருச்சபையில் நாமோ ஆயரின் அருட்பணியைக் குறிக்க அச்சொல்லை எடுத்தாண்டோம். அவ்வாறு எடுத்தாண்டபோது அதன் முதற்பொருளைக் கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம் போலும். அருளுரை, திருவிருந்து, வீடு சந்திப்பு, மறைக்கல்வி ஆகியவை திருப்பணி என எண்ணும் நமக்கு, ஆலயத்தின் மழைநீர்க் குழாயில் அடைத்துக்கொண்ட சருகை அகற்றுவது அச்சொல்லுக்குள் அடங்குமா என்னும் ஐயம் எழுகிறது.

7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசரின் திருவுருவைக் கோயில்களில் காண்போர், அவரிடம் உழவாரப் படை என்னும் கருவி இருப்பதைக் கவனித்திருப்பர். முற்றத்தில் முளைக்கும் புல் பூண்டுகளைச் செதுக்கி அகற்றுவதற்கான கருவி அது. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடிய அடியாருக்கு அடையாளமாக ஏட்டையும் எழுத்தாணியையும் விடுத்து இக்கருவியைத் தமிழ் மக்கள் தேர்ந்தது சிந்திக்கத்தக்கது. பாடும் நாவும் செதுக்கும் கையும் ஒருவரிடமே இருந்தன என்பதே அதன் கருத்து.

ஆலயக் கட்டடத்தைப் பேணுதல், பழுதுபார்த்தல், சுவரில் ஏறும் ஓதத்தைத் தடுத்தல் ஆகியவை பற்றித் திருச்சபை வரலாறு நமக்குக் கூறுவது யாது? அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆலயங்களுக்குப் பெருங்கேடு விளைவித்தது அசட்டை மட்டுமன்று. அறிவில்லாத ஆர்வமும் அதே அளவு கேடு விளைவித்துள்ளது. ஆதலின் பேணும் பணிக்குப் பக்தியோடு பயிற்சியும் தேவை என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

1. திருமறை காட்டும் காட்சிகள்

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி இறையியல் வகுப்புகளில் விரைந்து கடக்கப்படும் பகுதிகளுள் ஒன்று. வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறைகள் தோன்றினால் செய்ய வேண்டியதை அது விவரிக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனைக் குஷ்டதோஷம் எனக் குறிப்பிடும். 'சாராஅத்' என்னும் எபிரேயச் சொல் மனிதரின் தோல், ஆடை, வீடு ஆகிய மூன்றிலும் தோன்றும் கேட்டுக்குப் பொதுவானது. வீட்டைப் பொறுத்தவரை, ஓதத்தால் சுவரில் படரும் பூஞ்சணம் போன்றதையே இது குறிக்கிறது என விளக்கவுரையாளர் பலர் கருதுவர்.

இங்கு ஆசாரியனின் பங்கு வியப்புக்குரியது. வீட்டுக்காரன் வந்து அறிவித்ததும், ஆசாரியன் முதலில் வீட்டிலுள்ள பொருள்களை வெளியேற்றச் சொல்கிறான். தான் பார்த்துத் தீட்டென்று அறிவிக்குமுன் ஏழையின் தட்டுமுட்டுகள் தப்பவேண்டும் என்னும் பரிவு அதில் உள்ளது. பின்பு கறை சுவரின் மேற்பரப்பில் நிற்கிறதா, உள்ளே ஆழ்ந்திருக்கிறதா என்று பார்க்கிறான். உடனே இடிக்கச் சொல்வதில்லை. ஏழு நாள் வீட்டை அடைத்துவைத்து மீண்டும் வந்து பார்க்கிறான். கறை படர்ந்திருந்தால் கெட்ட கற்களை மட்டும் பெயர்த்து, உட்புறத்தைச் சுரண்டி, வேறு கற்களையும் வேறு சாந்தையும் இடச் செய்கிறான். அதன் பின்னும் கேடு திரும்பினால்தான் வீடு இடிக்கப்படுகிறது. கேடு நின்றுவிட்டால் வீட்டுக்காகப் பாவநிவிர்த்தி செய்யப்படுகிறது. நோக்குதல், காத்திருத்தல், மீண்டும் நோக்குதல், வேண்டிய அளவே மாற்றுதல் என்னும் இவ்வொழுங்கு இன்றைய பழுதுபார்ப்புக் கலைக்கும் அடிப்படையாக இருப்பதை நாம் பின்னர்க் காண்போம்.

இரண்டாவது காட்சி யோவாஸ் அரசன் காலத்தது (2 இராஜாக்கள் 12). ஆலயத்துக்கு வரும் பணத்தைக்கொண்டு பழுதான இடங்களைப் பார்க்கும் பொறுப்பு ஆசாரியர்களிடம் விடப்பட்டது. அரசனின் 23-ஆம் ஆட்சியாண்டு வரை அவர்கள் அதைச் செய்யவில்லை. திருமறை இதனை மறைக்காமல் பதிவு செய்கிறது. அதன்பின் பலிபீடத்தின் அருகே துளையிட்ட காணிக்கைப் பெட்டி ஒன்று வைக்கப்பட்டது. அரசனின் எழுத்தரும் பிரதான ஆசாரியரும் சேர்ந்து எண்ணிய பணம் தச்சர், கட்டுவோர், கொத்தர், கல்தச்சர் ஆகியோருக்குச் சென்றது. வெள்ளிப் பாத்திரங்கள் செய்வதற்கு அப்பணம் செலவிடப்படவில்லை. வேலையை நடத்தியவர்கள் உண்மையுள்ளவர்களாய் நடந்ததால் அவர்களிடம் கணக்குக் கேட்கப்படவும் இல்லை. ஆசாரியர்களின் அசட்டைக்கும் கைவினைஞரின் நேர்மைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டிச் செல்லும் இப்பகுதி, குருத்துவத்துக்கு ஆயத்தமாகும் மாணவர் அடிக்கடி வாசிக்கவேண்டியதாகும்.

மூன்றாவது காட்சி நாம் நன்கறிந்தது. யோசியாவின் 18-ஆம் ஆட்சியாண்டில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோதுதான் இல்க்கியா நியாயப்பிரமாண நூலைக் கண்டெடுத்தான் (2 இராஜாக்கள் 22). யூதாவின் பெருஞ்சீர்திருத்தம் பழுதுபார்ப்பு வேலை ஒன்றினிடையே தொடங்கிற்று.

2. இங்கிலாந்துத் திருச்சபை கற்ற பாடம்

ஆலயப் பராமரிப்பின் வரலாற்றை இங்கிலாந்துத் திருச்சபையில் ஆராய்வதற்குக் காரணங்கள் உண்டு. நம் பழைய ஆலயங்களுள் பல அத்திருச்சபையினரால் எழுப்பப்பட்டவை. நம் ஆட்சிமுறையின் சில உறுப்புகளும் அங்கிருந்தே வந்தவை. அன்றியும், தான் செய்த தவறுகளை அத்திருச்சபை எழுத்தில் நன்கு பதிந்து வைத்துள்ளது.

இடைக்கால இங்கிலாந்தில் பொறுப்பு தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பலிபீடம் அமைந்த கிழக்குப் பகுதியைப் பேணுவது பங்குக் குருவின் கடமை. மக்கள் கூடும் நடுமண்டபத்தைப் பேணுவது சபையாரின் கடமை. சபை மூப்பர்கள் எழுதிவைத்த கணக்கேடுகள் இன்றும் பல ஊர்களில் உள்ளன. சுண்ணாம்பு, ஈயத்தகடு, ஆணி, கூரை வேலைக்காரரின் கூலி எனச் சிறு சிறு செலவுகள் ஆண்டுதோறும் அவற்றில் இடம்பெறுகின்றன. ஆர்ச்டீக்கன் எனப்படும் மேற்பார்வைக் குரு சுற்றுப்பயணம் வரும்போது நூல்கள், பாத்திரங்கள், ஒழுக்கம் ஆகியவற்றோடு கூரையையும் சுவரையும் குறித்து விசாரிப்பார். பெரும்புகழ் பெறாத இச்சிறு செலவுகளே அவ்வாலயங்களை நூற்றாண்டுகள் கடந்து நிற்கச் செய்தன.

16-ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தக் காலத்தில் உருவ ஓவியங்களை மறைக்கச் சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். மறைப்பதற்காகப் பூசிய சுண்ணாம்பே அவ்வோவியங்களுக்குக் காப்பாகவும் ஆயிற்று. ஆலயத்துக்கு உண்மையான ஆபத்து 19-ஆம் நூற்றாண்டில் பக்தியின் வடிவத்தில் வந்தது. 1839-இல் தொடங்கப்பெற்ற கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம் இடைக்காலக் கட்டட அமைப்பே கிறிஸ்தவ வழிபாட்டுக்கு உகந்தது எனப் பரப்பியது. அதனால் தூண்டப்பெற்ற குருமார் தங்கள் ஆலயங்களை அவற்றின் 'முதல் நிலைக்கு'க் கொண்டுவர முற்பட்டனர். 1840-க்கும் 1870-களின் நடுப்பகுதிக்கும் இடையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆலயங்கள் இவ்வாறு புதுக்கப்பட்டன. இடிந்துவிழும் நிலையில் இருந்த பலவற்றை இவ்வியக்கம் காப்பாற்றியது என்பதையும் மறுத்தலாகாது. ஆயினும் கல் தெரியவேண்டும் என்பதற்காக உட்சுவர்களின் பழைய காரையைச் சுரண்டி எடுத்தபோது, வெள்ளைக்குள் மூன்று நூற்றாண்டுகள் பிழைத்திருந்த ஓவியங்களுள் பல காரையோடு குப்பைக்குச் சென்றன. வெளிச்சுவரின் பூச்சை உரித்த இடங்களில், மழையைத் தாங்கிவந்த தோலை இழந்த சுவர் நீரை உள்ளே விட்டது.

இப்போக்கைக் கண்டித்தவர்களுள் முதல்வர் ஜான் ரஸ்கின். 1849-இல் வெளிவந்த கட்டடக்கலை பற்றிய தம் நூலில், காலத்தே பேணினால் புதுக்கவேண்டிய தேவையே எழாது என்னும் கருத்தை அவர் முன்வைத்தார். அவரைப் பின்பற்றிய வில்லியம் மாரிஸ், டியூக்ஸ்பரி மடாலய ஆலயம் புதுக்கப்படவிருப்பதை அறிந்து, 1877 மார்ச்சில் இதழொன்றுக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார். அம்மாதத்திலேயே பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தோன்றிற்று. காரை சுரண்டுவதை எதிர்த்ததால் 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்னும் பட்டப்பெயரும் அதற்கு ஏற்பட்டது. சாயும் சுவருக்கு முட்டுக்கொடுத்தல், ஒழுகும் கூரையை உடனே அடைத்தல் போன்ற அன்றாடக் கவனத்தால் அழிவைத் தள்ளிப்போடவேண்டும் என்பதே அச்சங்க அறிக்கையின் சாரம். மாரிஸ் திருச்சபைப் பற்றாளராக அறியப்பட்டவர் அல்லர். பிற்காலத்தில் சமதர்மவாதியாகத் திகழ்ந்தவர். ஆலயத்தைப் பேணும் நெறியைக் குருமாருக்கு வெளியிலிருந்த ஒருவர் நினைவூட்ட வேண்டியதாயிற்று என்பதை நாம் தாழ்மையோடு ஏற்கவேண்டும்.

திருச்சபை இப்பாடத்தைச் சட்டமாக்குவதற்கு மேலும் பல ஆண்டுகள் கழிந்தன. சபையார் கட்டாயமாகச் செலுத்திவந்த ஆலய வரி 1868-இல் நீக்கப்பட்டிருந்தது. அதனால் பேணும் பொறுப்பு சபையாரின் மனமுவந்த ஈகையைச் சார்ந்ததாயிற்று. 1913-இல் பழம்பொருள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, வழிபாட்டில் உள்ள ஆலயங்கள் அரசின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெற்றன. விலக்குப் பெற்ற திருச்சபை தன் வீட்டைத் தானே ஒழுங்குபடுத்தும் கடமையை ஏற்றது. மறைமாவட்டந்தோறும் ஆலோசனைக் குழுக்கள் உருவாயின. 1955-இல் இயற்றப்பட்ட ஆலயங்களைப் பார்வையிடும் சட்டம், தகுதிபெற்ற கட்டடக்கலைஞர் ஒருவர் ஒவ்வோர் ஆலயத்தையும் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்வையிட்டு அறிக்கை தரவேண்டும் என விதித்தது. 2018-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பிலும் இக்கடமை தொடர்கிறது. ஏழு நாள் கழித்து மீண்டும் வந்து பார்த்த லேவிய ஆசாரியனை இங்கு நாம் நினைவுகூரலாம்.

சட்டத்தோடு பயிற்சியும் வளர்ந்தது. மாரிஸ் நிறுவிய சங்கம் 1930 முதல் இளங்கட்டடக்கலைஞருக்கு உதவித்தொகை அளித்துப் பழங்கட்டடங்களிடையே பயணம் செய்து கற்கச் செய்தது. 1980-களின் பிற்பகுதியில் கொத்தர், தச்சர், ஈயவேலைக்காரர் ஆகிய கைவினைஞருக்கும் அத்தகைய பயிற்சி தொடங்கப்பட்டது. நமக்கு இன்னும் நெருக்கமான முயற்சி 2000-களின் பிற்பகுதியில் நடைபெற்றது. பல சமயங்களின் வழிபாட்டிடங்களைப் பேணும் தன்னார்வத் தொண்டர்களுக்காக அச்சங்கம் ஊர் ஊராகச் சென்று ஒருநாள் பயிற்சிகளை நடத்தியது. பயிற்சிக்கு வந்தோர் மூதாட்டிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சபை மூப்பர்களுமாய் இருந்தனர். மழைநீர்த் தூம்பு எங்கே அடைக்கும், சுவரடியில் மண் ஏன் உயரக்கூடாது, எந்த வேலையைத் தாமே செய்யலாம், எதற்கு வல்லுநரை அழைக்கவேண்டும் என்பனவே பாடங்கள். தூம்புகளைத் துப்புரவாக்குவதற்கென்றே ஒரு நாளைக் குறித்துப் பரப்பும் அளவுக்கு அச்சங்கம் இச்சிறுவேலையை மதித்தது.

3. சுண்ணாம்பும் சிமெண்டும்

ஓதத்தின் வழிகள் மூன்று. கூரையும் குழாயும் பழுதானால் நீர் மேலிருந்து இறங்கும். பூச்சு வெடித்திருந்தால் சாரல் பக்கவாட்டில் புகும். தரையின் ஈரம், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல், செங்கல்லின் நுண்துளைகள் வழியே கீழிருந்து ஏறும். இவ்வாறு ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்று, அலையடித்த கரைபோல ஒரு கோட்டை விட்டுச்செல்லும். நீர் ஆவியாகும் இடத்தில் அது சுமந்துவந்த உப்பு தங்கிப் பூக்கும். உப்பு இறுகும்போது காரை பெயரும். இக்கால வீடுகளில் தரைமட்டத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படுகை ஒன்றை இடுகின்றனர். கட்டடக்காரர் இதனை டி.பி.சி. என்பர். இங்கிலாந்திலேயே இவ்வழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவிற்று. அதற்கு முற்பட்ட சுவர்களில் அது இராது.

அப்படியாயின் பழஞ்சுவர்கள் இத்தனை காலம் எவ்வாறு நின்றன? விடை சுண்ணாம்பில் உள்ளது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு நீங்கும். நீற்றிய சுண்ணாம்பு சுவரில் பூசப்பட்டபின் காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. இவ்வாறு அமைந்த காரை மென்மையானது, நுண்துளைகள் உடையது. சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிக் காற்றில் கலக்கும். உப்பால் கெடுவதும் காரையே. கல்லும் செங்கல்லும் தப்பும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காரையைப் புதுப்பித்தால் சுவர் நூற்றாண்டுகள் நிற்கும். தான் கெட்டுச் சுவரைக் காப்பதே காரையின் தொழில்.

ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் உரிமம் பெற்ற போர்ட்லண்ட் சிமெண்டு அக்காலத்தில் எளியது. பின்வந்தோர் அதனை வலியதாக்கினர். நம் நாட்டில் சிமெண்டு செய்யும் தொடக்க முயற்சிகளுள் ஒன்று 1904-இல் சென்னையில் கடற்சிப்பிகளைக்கொண்டே நடந்தது, அது நிலைக்கவில்லை. ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டுக்குள் சிமெண்டு எங்கும் பரவியது. அதற்கேற்ப அமைக்கப்பட்ட கட்டடத்தில் சிமெண்டு சிறந்த பொருளே. பழஞ்சுவரில் அதைப் பூசும்போதுதான் கேடு விளைகிறது. அது செங்கல்லைவிடக் கடினமானது. ஈரத்தை எளிதில் வெளியே விடாதது. நுண்ணிய வெடிப்புகள் வழியே உட்புகும் நீர் திரும்பி வெளியேற வழியின்றிச் சுவருக்குள் தங்குகிறது. பூச்சு முடியும் உயரத்துக்கு மேல் ஏறி அங்கே வெளிப்படுகிறது. இம்முறை கெடுவது பூச்சன்று, செங்கல்லே.

இதனை யான் நூலில் கற்கவில்லை. குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளில், கடலோரத்துச் சேகரம் ஒன்றில் பணியாற்றினேன். ஆலயத்தின் தென்சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. சேகரக் குழு கூடி, பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சன்னல் உயரம்வரை சிமெண்டு பூசத் தீர்மானித்தது. தலைமை வகித்தவன் யான். வேலைக்கு வந்த முதிய கொத்தனார் ஒருநாள் மாலை என்னிடம் தனியே வந்து, "ஐயா, இந்தச் சுவரு மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது. மூக்கைப் பொத்திராதீங்க" என்றார். படிப்பறியாதவரின் பேச்சென்று சிரித்து அனுப்பிவிட்டேன். பிரதிஷ்டைப் பண்டிகையன்று சுவர் புதிதாய்ப் பொலிந்தது. இரண்டு மழைக்காலம் கழிந்தபோது சன்னலுக்கு மேலே, அதுவரை உலர்ந்திருந்த இடத்தில், ஓதம் தோன்றிற்று. மீண்டும் அவரை அழைத்தோம். அவர் சுவரைத் தொடாமல் மொட்டைமாடிக்கு ஏறினார். தென்மூலை நீர்த்துளையில் காக்கைக்கூட்டின் சுள்ளிகளும் ஓர் அரசங்கன்றின் வேரும் அடைத்திருந்தன. பல ஆண்டுகளாக மழைநீர் குழாயில் இறங்காமல் சுவரில் இறங்கியிருக்கிறது. கால் மணி நேரத்தில் முடிந்திருக்கவேண்டிய வேலைக்கு, கூலித்தொழிலாளரின் காணிக்கைகளைச் சேர்த்துச் சிமெண்டு வாங்கியிருந்தோம்.

4. நம் ஆலயங்கள்

புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயம் 1680-இலும், தரங்கம்பாடியில் சீகன்பால்க் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இலும் பிரதிஷ்டை செய்யப்பட்டவை. இவையும், 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த எண்ணற்ற ஊர் ஆலயங்களும் சுண்ணாம்பின் காலத்தவை. அக்காலத்துச் சென்னைச் சுண்ணப்பூச்சு சலவைக்கல்போல் பளபளத்ததை ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதினர். கிளிஞ்சல் சுண்ணாம்பை மணலோடு செக்கிலிட்டு அரைத்தல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்தல், தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுக் கட்டையால் தட்டி இறுக்கும் மெட்ராஸ் டெரஸ் முறை ஆகியவை நம் கொத்தர்களின் கைவசம் இருந்த அறிவு. மிஷனெரிமார் வரைபடத்தைக் கொண்டுவந்தனர். சுவரை எழுப்பும் கலை இம்மண்ணில் இருந்தது.

இவ்விரண்டும் சந்தித்த இடங்களுள் இடையன்குடி குறிப்பிடத்தக்கது. கால்டுவெல் அங்கு ஆலயப்பணியை 1847-இல் தொடங்கினார். பிரதிஷ்டை நடந்தது 1880-இல். சன்னல்களின் வேலைப்பாட்டைக் கொத்தர்களுக்கு விளக்க அவரே களிமண்ணால் மாதிரிகள் செய்து காட்டினார் எனச் சொல்லப்படுகிறது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அறிஞர், அதே ஆண்டுகளில் ஓர் ஆலயத்தின் சுவர் எழுவதையும் உடனிருந்து கண்டார். அவருக்கு ஏட்டறிவும் கைத்தொழிலும் பகைகளாகத் தோன்றவில்லை.

தொழிற்பயிற்சியும் நம் திருச்சபைக்குப் புதியதன்று. பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிற்று. அவ்வோடுகள் தென்னாடெங்கும் கூரைகளை மாற்றின. மர்காஷிஸ் 1878-இல் நாசரேத்தில் தொழிற்பள்ளியை நிறுவினார். இம்முயற்சிகள் பலருக்குப் பிழைப்பையும் தன்மதிப்பையும் அளித்தன. எனினும் அவை புதியன செய்யக் கற்றுத்தந்த அளவுக்குப் பழையன பேணும் கலை நம் சபைகளில் ஒரு கல்வியாக வேரூன்றவில்லை. சிமெண்டு பரவியபோது சுண்ணாம்புக் கொத்தருக்கு வேலை குறைந்தது. தந்தையிடம் கற்ற மகன் வேறு தொழிலுக்குச் சென்றான். 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப்பின் தரங்கம்பாடியில் பழைய கட்டடங்கள் சீர்செய்யப்பட்டபோது சுண்ணாம்புக் காரை மீண்டும் கையாளப்பட்டது. அக்கலை முற்றிலும் அழிந்துவிடவில்லை என்பதற்கு அது சான்று.

இது பழைய ஆலயங்களுக்கு மட்டும் உரிய கவலை என எண்ணவேண்டா. கடந்த அறுபது ஆண்டுகளில் எழுந்த கான்கிரீட் ஆலயங்களுக்கும் முதுமை வந்துவிட்டது. கடலோர உப்பும் தேங்கும் மழைநீரும் கான்கிரீட்டினுள் உள்ள கம்பியை அடையும்போது துரு ஏறுகிறது. துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் கூரையின் அடிப்பூச்சு வெடித்து விழுகிறது. குளிர்சாதனத்துக்காகச் சன்னல்களை நிலையாக அடைத்த ஆலயங்களில் காற்றோட்டமின்றிப் பூஞ்சணம் படர்கிறது. கட்டடம் எதுவாயினும் பேணுதலுக்கு விலக்கில்லை.

5. பயிற்சியின் பொருள்

இறையியல் கல்லூரி மாணவரைக் கொத்தனாராக்குவது நம் நோக்கமன்று. கேட்டவற்றின் பொருளை உணரவும், கொத்தனாரிடம் சரியான கேள்வியைக் கேட்கவும் ஆயர் அறிந்திருக்க வேண்டும். அதற்குச் சில நாள் களப்பயிற்சி போதுமானது. அதில் இடம்பெறவேண்டியவை கீழ்வருவன:

(அ) வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, புரட்டாசி மாதத்தில், மாடி நீர்த்துளைகள், ஓட்டுக்கூரையின் பள்ளத் தகடுகள், மழைநீர்க் குழாய்கள் ஆகியவற்றைத் துப்புரவாக்குதல். சுவரில் முளைக்கும் ஆல், அரசங்கன்றுகளை வேர் தடிக்குமுன் அகற்றுதல்.

(ஆ) அடைமழை பெய்யும்போதே குடையோடு ஆலயத்தைச் சுற்றிவருதல். நீர் எங்கே வழிகிறது என்பதை வெயில்நாள் காட்டாது.

(இ) ஓதத்தைக் கண்டால் பூச்சைக் கொத்துமுன் காரணத்தைத் தேடுதல். உட்சுவரில் கறை தோன்றினால் வெளிப்புறத்தையும் மேற்புறத்தையும் முதலில் பார்த்தல். சுவரடியில் குவிந்த மண்ணை அகற்றுதல். சுவரை ஒட்டிச் சிமெண்டுத் தளம் இட்டு நீரைச் சுவருக்குள் தள்ளாதிருத்தல்.

(ஈ) சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே இடுதல். ஈரத்தை உள்ளடைக்கும் வண்ணப்பூச்சுகளைத் தவிர்த்து வெள்ளையடித்தல். உரித்த சுவர் உலரப் போதிய காலம் தருதல்.

(உ) ஆலயத்துக்கென ஒரு பராமரிப்பு ஏடு வைத்தல். ஆயர்கள் மாறிச்செல்வர், எந்த ஆண்டில் எந்த இடத்தில் என்ன செய்யப்பட்டது என்பதை அடுத்து வருபவர் அறியவேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை, கவனமே தேவை. அக்கவனம் ஏன் அரிதாயிற்று என்பதே நாம் எதிர்கொள்ளவேண்டிய கேள்வி. புதிய ஆலயத்துக்குக் கல்நாட்டினால் கல்வெட்டில் பெயர் இடம்பெறும். தூம்பைத் துடைத்தவருக்குக் கல்வெட்டு இல்லை. ஆதலால் சிறு பழுதைப் பல ஆண்டுகள் விட்டுவைத்து, கட்டடம் தாங்காது என்று தீர்மானித்து, இடித்துப் புதிது கட்டும் போக்கு நம் சபைகளில் வளர்ந்துள்ளது. மேலும், கையழுக்காகும் வேலை சிலருக்கே உரியது என்னும் சாதியச் சிந்தனை நம் சமூகத்திலிருந்து ஆலயத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. மாடியைப் பெருக்குபவரும், குழாயில் ஏறுபவரும், சுண்ணாம்பு குழைப்பவரும் எவர் என்று எண்ணிப்பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். அவர்களின் அறிவு சேகரக் குழுவின் கூட்டத்தில் கேட்கப்படுவதில்லை. மாற்கு 6:3-இல் இயேசுவைக் குறிக்கும் 'டெக்டோன்' என்னும் கிரேக்கச் சொல் கட்டும் கைவினைஞனைக் குறிப்பது. அவரை ஆண்டவர் என அறிக்கையிடும் சபை, கைவினைஞரைக் கூலிக்காரராக மட்டும் காணலாகாது.

முடிவுரை

ஆசாரியர்கள் 23 ஆண்டுகள் விட்டுவைத்த பழுதைக் கொத்தரும் தச்சரும் உண்மையோடு சீர்செய்தனர் என யோவாஸின் வரலாறு கூறுகிறது. அளவுமீறிய ஆர்வத்தால் ஆயிரமாயிரம் சுவர்களைச் சுரண்டிய திருச்சபை, பின்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பொறுமையோடு பார்வையிடக் கற்றது. கடலோர ஆலயம் ஒன்றின் மாடியில் அரசங்கன்றைப் பிடுங்கிய முதியவர் எனக்குக் கற்பித்ததும் இதுவே. அவர் மறைந்து பல ஆண்டுகளாயின. பிற்காலத்தில் அச்சேகரத்தார் சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினர். அவ்வேலைக்கு ஆள் தேடி நெடுந்தொலைவு அலைய வேண்டியிருந்தது என அவர்கள் கூறினர்.

இவ்விதழை வாசிக்கும் இளம் ஆயர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் அடுத்து ஒரு சேகரத்தில் பொறுப்பேற்கும்போது, முதல் வாரத்திலேயே ஏணி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஊரில் முதிய கொத்தனார் யாரேனும் இருந்தால் அவரையும் உடன் அழைத்துக்கொண்டு மாடிக்கு ஏறுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு ஏட்டில் எழுதிவையுங்கள். அதுவும் திருப்பணியே.